துணிக்குப் பின்னால் இரண்டாவது முக்காலி

ஃபாங்
நவம்பர் 10, புத்த ஆண்டு 2552, செவ்வாய்

புவாகம்,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். ரின் நலம். குழந்தையும் நலம்தான், மூன்று வாரப் பிள்ளை ஊரையே கூட்டுகிற மாதிரி அழுகிறது. என் மகள் பிள்ளை பெற்றாள், தூக்கம் போனது எனக்கு.

அக்கா போனில் கேட்காமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நீ சிரித்து மழுப்பிவிட்டு, "அக்கா, ஆளு வந்துட்டாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். தாளில் மழுப்பினால் மழுப்பின இடம் தெரியும். நான் இரண்டு தடவை படித்துப் பார்ப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தோட்டத்து ஆரஞ்சு வியாபாரியின் மனைவி வன்னா, போன ஞாயிற்றுக்கிழமை சியாங் மாய் போயிருந்தாள். ஞாயிற்றுச் சந்தைக்குள் போய், நான் உன்னிடம் விட்டுவந்த நம் கடையில் ஒரு தொன்னை பணியாரம் வாங்கி எனக்கென்று கொண்டுவந்தாள். மூன்று மணி நேர வேன் பயணத்தில் ஆறி, செருப்புத் தோலாகியிருந்தது. இருந்தாலும் ஒன்றை வாயில் போட்டேன். போட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அது நான் சொல்லிக்கொடுத்த மாவு இல்லை. நான் சொன்னது அரிசி, ஒரு பிடி சோறு, சுண்ணாம்புத் தெளிநீர். இதில் தேங்காயைத் துருவி அரிசியோடு சேர்த்தே அரைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்து அப்படி அரைக்கிற கை உலகத்தில் ஒன்றுதான். அது ஐந்து வருஷமாக இந்தப் பக்கமே இல்லை. யாரிடம் கற்றுக்கொண்டாய்?

இன்னொன்று. கடைக்குப் பின்னால் நீலத் துணி கட்டியிருக்கிறாயாம். துணிக்கு முன்னால் ஒரு முக்காலி, பின்னால் ஒரு முக்காலி. வன்னா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நாலு மணிக்கு நான்தான் மொத போணி. அந்த நோட்ட எடுத்து சட்டி மேல, தொன்னை மேல தட்டி, 'அதிர்ஷ்டம் கொட்டட்டும்'னு சொல்லணுமா இல்லையா? உன் தங்கச்சி அத துணிக்குப் பின்னால நீட்டுனா. உள்ளேர்ந்து ஒரு கை வந்து தொட்டுச்சு. அப்புறம்தான் சட்டியில தட்டுனா. யாருடி அது?"

யாருடி அது?

இருபத்தொன்பதாம் தேதி சந்தைக் குழு சோதனைக்கு வரும். இடம் என் பெயரில் இருப்பதால் நான் அடையாள அட்டையோடு அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருக்கிறவருக்குப் போய்விடும். உனக்கு இது தெரியும். நான் வருவதும் வராததும் உன் பதிலைப் பொறுத்தது.

செங்தா


சியாங் மாய்
நவம்பர் 13, வெள்ளி

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வேன்காரர் கொடுத்தபோது, "அக்கா ஆரஞ்சு அனுப்பலயா?" என்று கேட்டேன். "இல்ல, ரொம்பக் கனமா இது மட்டும்தான்" என்றார். பிரித்துப் பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வரிசையாகப் பதில் சொல்கிறேன். துணி வெயிலுக்கு. இரண்டாவது முக்காலி என் பைக்கு. தரையில் வைத்தால் பக்கத்துக் கடைத் தைல வாடை ஏறிவிடுகிறது. கால் பிடித்துவிடுகிறவர்கள் இப்போது எட்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் வரிசையாகக் காலை நீட்டிப் படுத்திருக்கிறார்கள். மாவு ரகசியம் அந்த நாற்காலிகளுக்குச் சொந்தக்கார அம்மா சொன்னது, அவள் தினம் பணியாரம் சாப்பிடுகிறவள். கை விஷயத்துக்கு, வன்னா அக்காவை முதலில் கண்ணாடி மாற்றச் சொல்லு.

வியாபாரம் நன்றாக நடக்கிறது. விளக்குத் திருவிழாக் கூட்டம் இன்னும் வடியவில்லை. போன வாரம் ஒருவன் பணியாரத்தின் மேல் மிளகாய்ச் சாறு ஊற்றித் தின்றுவிட்டு, அழுதுகொண்டே இன்னொரு தொன்னை வாங்கினான். எதிரில் சோப்பில் பூ செதுக்கி விற்கிற பெண் சிரித்துச் சிரித்து ஒரு பூவை உடைத்துக்கொண்டாள்.

இப்போது நான் ஒன்று கேட்கட்டுமா? ரின்னின் புருஷன் அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி இங்கே வந்தார். பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒரு பணியாரம்கூட வாயில் வைக்கவில்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து இடத்தின் நீள அகலத்தை அளந்தார். "என்ன மாப்ள, எங்களுக்குக் கல்லறை கட்டப் போறீங்களா?" என்றேன். சிரித்துவிட்டுத் தாளில் குறித்துக்கொண்டு போனார்.

துணியைப் பார்த்து நீ சந்தேகப்படுகிறாய். அந்த நாடாவைப் பார்த்து நான் என்னவென்று நினைத்துக்கொள்ள?

உன்
புவாகம்


ஃபாங்
நவம்பர் 17, செவ்வாய்

புவாகம்,

உன் கடிதத்தை இரண்டு தடவை அல்ல, நாலு தடவை படித்தேன்.

வெயிலா? நம் கடைக்குப் பின்னால் இருப்பது விகாரைச் சுவர். மூன்று மணிக்கே சூரியன் சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும். ஏழு வருஷம் அங்கே உட்கார்ந்தவளிடம் வெயில் கதை சொல்கிறாய்.

பையா? வன்னாவை மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். துணிக்கு அடியில் இரண்டு பாதம் தெரிந்ததாம். ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில் திரும்பி. இரண்டிலும் ரப்பர் செருப்பு. உன் பை செருப்புப் போட ஆரம்பித்துவிட்டதா?

நாற்காலிக்கார அம்மாவுக்கு நேற்று போன் போட்டேன். நலம் விசாரிக்கிற மாதிரி விசாரித்து, "தினம் பணியாரம் சாப்பிடறீங்களாமே" என்றேன். "யாரு சொன்னா? எனக்குச் சக்கரை வியாதி வந்து ரெண்டு வருஷமாச்சு. வாசனையப் பாத்தே ஏங்கிக்கிட்டு இருக்கேன்" என்றாள். துணியைப் பற்றிக் கேட்டதும், "அடுப்புல தண்ணி கொதிக்குது" என்று வைத்துவிட்டாள். கால் பிடிக்கிறவளுக்கு அடுப்பு எதற்கு? தெருவே சேர்ந்துகொண்டு என்னை முட்டாளாக்குகிறீர்கள்.

மாப்பிள்ளை அளந்தது புதுக் குடை வாங்க. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

இனிச் சுற்றி வளைக்கவில்லை. அந்த ஆளா அது?

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆள் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, "தொன்னை தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்" என்று போனது. ரெடிமேட் துணி விற்கிறவளின் வண்டியில் ஏறி எல்லை ஊரான மே சோத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு நான் கருகின பணியாரத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றேன், தெரு முழுக்க என்னைப் பார்த்தது. நீயும் அன்று சந்தையில் இருந்தாய். "தொன்னை வாங்கத்தான் போயிருப்பார்க்கா" என்று நாலு தடவை சொன்னாய். அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னாய் என்று அன்றே எனக்குள் ஒன்று முளைத்தது. அந்த ஆள் போவது உனக்கு முன்பே தெரியுமா? இந்த ஐந்து வருஷமும் உனக்கும் அந்த ஆளுக்கும் பேச்சு இருந்ததா? பேச்சு மட்டும்தானா?

பதில் வராவிட்டால் இருபத்தொன்பதாம் தேதி நான் வரமாட்டேன். யாருக்கோ போகட்டும் இடம்.

செங்தா


சியாங் மாய்
நவம்பர் 20, வெள்ளி

அக்கா,

உன் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு, தாளை மடித்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். அடுத்த நாள் எடுத்துப் பார்த்தேன். கேள்வி அப்போதும் அங்கேயேதான் இருந்தது.

அதற்கு நான் பதில் எழுதமாட்டேன். நீ என்னை வளர்த்தவள், உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வந்தால் நன்றாகத் திட்டுவேன்.

வந்து பார். ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வா. திடீரென்று வராதே. இதைப் படித்ததும் உன் சந்தேகம் இரண்டு மடங்காகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

புவாகம்


சியாங் மாய்
நவம்பர் 23, திங்கள்

அக்கா,

நேற்று சந்தையில் நீ: பெரிய ஓலைத் தொப்பி, முகக்கவசம், ரின்னின் ஊதா நிற ஸ்வெட்டர். சோப்புப் பூக் கடையில் கால் மணி நேரம் ஒரே தாமரையைக் கையில் வைத்துக்கொண்டு, முகக்கவசத்துக்கு மேலேயே முகர்ந்து பார்த்த ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய்.

ஆறு மணி வரை எனக்குத் தெரியாது. கூட்டம் நடந்துகொண்டே இருந்ததால் நீ அதற்குள் மறைந்திருந்தாய். ஒலிபெருக்கியில் வழக்கமான ஆறு மணி நாட்டுப் பண் ஆரம்பித்தது, தெருவே நின்றது. வாங்குகிறவர், விற்கிறவர், நாற்காலியில் காலை நீட்டியிருந்தவர் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நமக்கு நடுவில் யாருமில்லை. நீ என்னைப் பார்த்தாய். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாய். பண் முடிகிறவரை நீயும் நகர முடியாது, நானும் நகர முடியாது. அக்கா, என் ஆயுளில் அவ்வளவு நீளமாக அது ஒலித்ததே இல்லை. முடிந்ததும் நீ நின்ற இடத்துக்கு ஓடி வந்தேன், நீ இல்லை. சோப்புப் பூக்காரி, "அவங்க காசக் குடுத்துட்டு பூவ எடுக்காமப் போயிட்டாங்க" என்றாள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆமாம், இன்கேவ் அத்தான்தான்.

நீ ஃபாங் போனபிறகு நான் கடை போட்ட முதல் ஞாயிறு, மாவு சட்டியோடு ஒட்டிக்கொண்டது. கரண்டியால் சுரண்டச் சுரண்டக் கந்தலாக வந்தது. ஒரு கிழவர் தொன்னையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்கக்கா செத்துட்டாளா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருக்கிறேன், விகாரைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்:

"தேங்காய அரிசியோட போட்டு அரைக்கச் சொல்லுங்கப்பா அந்தக் கழுதைய!"

சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. பக்கவாதம், அக்கா. வலது காலும் கையும் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. அந்த வாயால் நகராட்சி வாத்தியக் குழுவில் பத்து வருஷம் டிரம்பெட் ஊதினார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அந்தத் துணிக்காரி போய்விட்டாளாம். சொந்த ஊர்க்காரர் ஒருவர் ஜூலையில் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார். சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் பிக்குகள் இடம் கொடுத்திருக்கிறார்கள். இடது கையால் முற்றம் பெருக்குகிறார்.

ஜூலையிலிருந்து, அக்கா. மூன்று மாதம் ஒவ்வொரு ஞாயிறும் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நீ இருந்தவரை வாயைத் திறக்கவில்லை.

நான் புண்ணியத்துக்காக அவரைக் கொண்டுவந்து உட்காரவைக்கவில்லை. என்னால் மாவு கலக்க முடியவில்லை, அவரால் முடிந்தது. கடை படுத்துவிட்டால், "உன் கையில கொடுத்தேன் பாரு" என்று நீ ஆயுசுக்கும் சொல்வாய். அதற்குப் பயந்துதான். போணி நோட்டைத் தொடச் சொன்னது மட்டும் நான். பழைய வழக்கம், அவர் தொட்டுத்தானே நீங்கள் இரண்டு பேரும் கடை திறப்பீர்கள். துணி அவர் கட்டச் சொன்னது. "செங்தாவத் தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தா அவளுக்கு அசிங்கம்" என்றார்.

ஆனால் ஆறு மணிக்கு மட்டும் துணியைத் தள்ளச் சொல்வார். "நாட்டுப் பண்ணு பாடறப்ப தெரைக்குப் பின்னால பதுங்கிக்கிட்டு உக்கார்றதா? நான் ஊதுனதுடி அது" என்று சண்டை போடுவார். அப்படித் தள்ளியபோதுதான் நீ பார்த்தாய்.

அவர் உன்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பண் முடிந்து நான் திரும்பியபோது அவர் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நீயும் நேர் எதிரில்தான் நின்றிருந்தாய். கடையைக் கட்டினேன். முக்காலியிலிருந்து தூக்கிவிடும்போது, "அவ மெலிஞ்சுட்டா" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நீ கேட்ட அந்தக் கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. தொன்னை வாங்கத்தான் போயிருக்கிறார் என்று நிஜமாகவே நம்பினேன். நாலு தடவை சொன்னது, உன் முகத்தைப் பார்க்க முடியாமல்.

இருபத்தொன்பதாம் தேதி நீ வராவிட்டால் இடம் போகும். நான் வேறு வேலை தேடிக்கொள்வேன், எனக்குக் கையும் காலும் இருக்கிறது. அவர் திரும்பவும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே முகம் கழுவி, சட்டை மாற்றி, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷரிடம் அதை நான் எப்படிச் சொல்வேன் என்று மட்டும்தான் தெரியவில்லை.

புவாகம்


ஃபாங்
நவம்பர் 27, வெள்ளி

புவாகம்,

நான் வந்தது வேவு பார்க்கத்தான். கூச்சமில்லாமல் சொல்கிறேன். நீ "சொல்லிவிட்டு வா" என்று எழுதியதும் அடுத்த வேனைப் பிடித்தேன். அந்தத் துணியை இழுத்துக் கிழிக்க வேண்டும், உள்ளே யார் இருந்தாலும் தெரு பார்க்கக் கேட்க வேண்டும் என்று மூன்று மணி நேரமும் வசனம் தயார் செய்துகொண்டு வந்தேன். நல்ல வசனங்கள். வீணாகிவிட்டன.

ஏழு வருஷமும் ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் சட்டியை இறக்கிவைத்தவள் நான். பண் பாடும்போது கையை ஆட்ட முடியாது, அடுப்பில் இருந்தால் கருகும். எனக்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை. வாங்க வந்தவள் மாதிரி முகத்தை மூடிக்கொண்டு நின்றபோது மட்டும் ஆறு மணி மறந்துபோயிற்று. நினைவிருந்திருந்தால் கொஞ்சம் முன்னாலேயே கூட்டத்தோடு நகர்ந்திருப்பேன், எதையும் பார்த்திருக்கமாட்டேன்.

நீ எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தால் பார்த்திருப்பாய். நீ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றதால் உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். இடது கையால் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதி எழுந்தார். முழங்கால் நடுங்கியது. பண் முடிகிற வரைக்கும் அந்தப் பாதியிலேயே நின்றார். உட்காரவும் இல்லை, நிமிரவும் முடியவில்லை. கழுத்து நரம்பு எல்லாம் புடைத்துக்கொண்டு வந்தது.

ஐந்து வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது என்ன? "ஒருநாள் என் முன்னால வந்து குனிஞ்சு நிக்கும் பாரு." வந்து குனிந்துதான் நின்றார். பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாராமே. அந்த மூன்று மாதத்தில் நான் என்னவெல்லாம் பேசினேன் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கரிக்காரனைத் திட்டியது, உன்னைத் திட்டியது, நாற்காலிக்கார அம்மாவிடம் அவரைப் பற்றிச் சொன்னது. அவர் செத்தால்கூடப் போகமாட்டேன் என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். கேட்டிருப்பார். கேட்டும் அடுத்த ஞாயிறு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். இதற்கு நான் வெட்கப்பட வேண்டுமா, ஆத்திரப்பட வேண்டுமா என்று தெரியாமல் இரண்டும் படுகிறேன்.

உன்னிடம் நான் கேட்ட அந்தக் கேள்வி தப்பு. கேட்டிருக்கக் கூடாது. இதை இரண்டாம் தடவை எழுத வைக்காதே. மாவு வராததால்தான் அவரைச் சேர்த்துக்கொண்டேன் என்று நீ எழுதியிருப்பதில் பாதியை நம்புகிறேன். மீதிப் பாதி இரக்கம். அதைச் சொல்ல எனக்குப் பயந்திருக்கிறாய்.

மாப்பிள்ளை அளந்தது குடைக்கு இல்லை. காபிக் கடைக்கு. உன்னை இடத்திலிருந்து எழுப்பிவிட்டு அவருக்குக் கொடுப்பதாகத்தான் பேச்சு, நானும் சரி என்றிருந்தேன். நீ சந்தேகப்பட்டது நியாயம்தான். திங்கட்கிழமையே அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறார். ரின்னிடம் அவள் அப்பாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நான் கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்துவிட்டு, "பல்லு வலியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு அட்டையோடு வந்துவிடுவேன். குழுவிடம் உன் பெயரையும் என் பெயரோடு சேர்த்து எழுதச் சொல்லப்போகிறேன். உன் அத்தானை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தெருவில் நின்று அழாதே. மன்னிக்கவில்லை. அவர் வீட்டுக்கு வரப்போவதும் இல்லை, விகாரையிலேயே இருக்கட்டும். அவரோடு பேசுவேனா என்று எனக்கே தெரியாது.

இன்னும் ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டும், நீ பார்த்தும் எழுதாமல் விட்டிருக்கலாம், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் முழங்கால் நடுங்கியபோது, பண் பாடிக்கொண்டிருக்கும்போதே நான் ஓர் அடி முன்னால் எடுத்துவைத்துவிட்டேன். கையும் நீண்டுவிட்டது. தெருவே அசையாமல் நிற்கிறது, நான் ஒருத்தி மட்டும் அசைந்தேன். சோப்புப் பூக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பண் முடிந்ததும் அந்த அவமானத்தில்தான் ஓடினேன்.

அவர் பிடிக்கிற வண்டிக் கம்பி அடுப்புப் பக்கம் இருக்கிறது, சுடும். ஞாயிற்றுக்கிழமை முக்காலியை இடது ஓரத்துக்கு மாற்றிப் போடு. அவருக்கு வலது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விடு.

செங்தா